படித்து முடித்தவர்க்கும் ஒரு பயிற்சியா?

சென்ற மாதக் கூட்டம் கலைந்து, நாற்காலிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்த நேரம். பெஹாலா சௌரஸ்தாவிற்கு அருகே நெடுநாளாகக் குடியிருக்கும் அன்பர் ஒருவர் நம்மை ஒரு பக்கமாக அழைத்துச் சென்று, குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரு வினாவை எழுப்பினார்.

"ஐயா, என் மகள் எம்.ஏ. தேறினாள், தகுதித் தேர்விலும் வென்றாள், கல்லூரியில் உதவிப் பேராசிரியராகவும் அமர்ந்துவிட்டாள், முனைவர் பட்டத்திற்கும் பதிவு செய்துகொண்டிருக்கிறாள். இப்பொழுது ஏதோ ஆராய்ச்சி முறைப் பயிற்சியாம். பத்து நாள் வெளியூரில் தங்கவேண்டுமாம். பாடம் சொல்லிக் கொடுப்பவளையே திரும்பவும் மாணவர் பெஞ்சியில் உட்காரவைக்கிறார்களே, இஃது என்ன வேடிக்கை? போகவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இரண்டு நாளாக அவள் முகங்கொடுத்துப் பேசுவதில்லை" என்றார்.

உடனே விடை கூற நமக்கு நா எழவில்லை. அவருடைய வினா நியாயமற்றது என்பதனால் அன்று. அதற்கு முந்திய வாரந்தான் ஸகேர் பஜார்ப் பக்கத்தில் வேறோர் இல்லத்திற்குச் சென்று, அங்கே கண்ட காட்சி நம் நெஞ்சைவிட்டு நீங்காதிருந்தமையால்.

அவ்வில்லத்துப் பெண்ணும் ஆராய்ச்சி மாணவியே. நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களைப் பற்றி ஐந்தாண்டுகள் அலைந்து திரிந்து எழுதிய ஆய்வேட்டைச் சமர்ப்பித்தாள். இக்காலத்தில் ஆய்வேட்டை மேற்பார்வையாளர் படித்தால் மட்டும் போதாது, கணிப்பொறியும் படிக்கின்றது. ஏற்கெனவே வெளிவந்த நூல்கள், கட்டுரைகள் ஆகியவற்றோடு ஒவ்வொரு வரியையும் ஒப்பிட்டு, நூற்றுக்கு எத்தனை பங்கு ஒத்திருக்கின்றது என்று ஓர் எண்ணைக் கொடுத்துவிடுகின்றது. அப்பெண்ணின் ஏட்டிற்கு வந்த எண் முப்பதைத் தாண்டிவிட்டது. ஏடு திரும்பி வந்தது. நாம் சென்றபோது அவள் தாயார் காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, மூலையில் கிடந்த அந்தக் கட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். "இவள் திருடுகிறவளா? நீங்களே சொல்லுங்கள்" என்று கேட்டார்.

திருடுகிறவள் அல்லள். அவளுடைய குறிப்பு நோட்டுகளை வாங்கிப் புரட்டியபோது உண்மை விளங்கிற்று. முதலாண்டில் நூலகத்தில் உட்கார்ந்து, நல்ல பகுதிகளையெல்லாம் அப்படியே எழுதிவைத்திருக்கின்றாள். மேற்கோட் குறி இடவில்லை. நூற்பெயரைச் சில இடங்களில் எழுதினாள், பக்க எண்ணைப் பெரும்பாலும் எழுதவில்லை. அவற்றினூடே தன் சொந்தக் கருத்துகளையும் அதே மையினால் அதே வரிசையில் எழுதிக்கொண்டே போயிருக்கின்றாள். நான்காண்டுகள் கழித்து அந்நோட்டுகளைக் கொண்டு ஆய்வேடு எழுத அமர்ந்தபோது, எது தன் வாக்கியம், எது பிறர் வாக்கியம் என்பது அவளுக்கே தெரியவில்லை. பிழை ஏடெழுதும் நாளில் நேர்ந்ததன்று. முதல் நோட்டின் முதற் பக்கத்திலேயே நேர்ந்தது. அந்நாளில் அரைமணி நேரம் ஒருவர் அருகில் அமர்ந்து, "அம்மா, பிறர் சொல்லைப் பெட்டிக்குள் இடு, உன் சொல்லை வெளியே எழுது" என்று காட்டியிருந்தால் இத்துணைத் துன்பம் இல்லை.

பயிற்சி எதற்கும் சென்றதில்லையா என்று கேட்டோம். சென்றிருக்கின்றாள். பொன்னிற விளிம்பிட்ட சான்றிதழ் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினாள். இரண்டு நாள், ஒரு பெரிய மண்டபம், நானூறு பேர், திரையில் ஓடிய படங்கள், பகலுணவு, பொன்னாடை. எந்த நிறுவனம் என்பது இங்கே வேண்டா. அவளுடைய நோட்டை அங்கே எவரும் திறந்து பார்க்கவில்லை என்பதே செய்தி.

விதி என்ன சொல்கின்றது என்பதையும் பெற்றோர் அறிந்திருத்தல் நன்று. பல்கலைக் கழக மானியக் குழு 2018-ஆம் ஆண்டில் இதற்கென ஒழுங்கு விதிகளை வெளியிட்டது. ஒப்புமை நூற்றுக்குப் பத்து வரை இருப்பின் தண்டனை இல்லை. பத்துக்கு மேல் நாற்பது வரை எனின், ஆறு மாதத்திற்கு மேற்படாத கெடுவுக்குள் திருத்தி எழுதித் தரவேண்டும். நாற்பதுக்கு மேல் அறுபது வரை எனின், ஓராண்டுக் காலம் திருத்திய ஏட்டைத் தரவும் இயலாது. அறுபதையும் கடந்தால் பதிவே நீங்கிவிடும். முறைப்படி மூலத்தைக் குறிப்பிட்டு எடுத்தாண்ட மேற்கோள்களும், நூற்பட்டியலும், தற்செயலாக ஒத்துவரும் பதினான்கு சொற்கள் வரையிலான தொடர்களும் இக்கணக்கில் சேரா. ஆகவே பிறர் கருத்தை எடுத்தாள்வது குற்றமன்று. எடுத்தாண்டதைச் சொல்லாமல் விடுவதே குற்றம். இந்த வேறுபாட்டைக் கற்பிப்பதற்காகவே 2019-ஆம் ஆண்டின் இறுதியில், ஆராய்ச்சி நெறியும் வெளியீட்டு நெறியும் பற்றிய முப்பது மணி நேரப் பாடமொன்றை முனைவர் பட்ட மாணவர் அனைவர்க்கும் மானியக் குழு கட்டாயமாக்கிற்று. நம் பெண் அதற்கு முன்பே பதிவு செய்தவள்.

நிற்க. அன்பர் கேட்ட வினாவிற்கு வருவோம். பாடம் சொல்பவர் திரும்பவும் கற்க அமர்வது புதிய வேடிக்கையா? இக்கேள்வியைக் கல்கத்தாத் தமிழர் கேட்பதுதான் நமக்கு வியப்பாக இருக்கின்றது. (2001-ஆம் ஆண்டிலேயே ஊரின் பெயர் கொல்கத்தா என மாறிவிட்டது, ஆயினும் பழங்கதை பேசும்போது நம் நாவில் கல்கத்தா என்றே வருகின்றது. அன்பர்கள் பொறுத்தருள்க.)

1907-ஆம் ஆண்டில், திருச்சிராப்பள்ளிப் பக்கத்திலிருந்து நிதித் துறை அதிகாரியாக இந்நகருக்கு வந்த சி. வி. இராமன், ட்ராமில் சென்றுகொண்டிருக்கையில் பௌ பஜார்த் தெருவில் ஒரு பெயர்ப்பலகையைக் கண்டு இறங்கிய கதையை நம் வீட்டுச் சிறுவரும் அறிவர். அது மகேந்திரலால் ஸர்க்கார் 1876-இல் நிறுவிய இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகம். இன்று ஜாதவ்பூரில் விளங்குவதும் அதுவே. கதவைத் திறந்துவிட்ட ஆஷு பாபு என்பார் பல்லாண்டுகள் இராமனுக்கு உதவியாக இருந்தார். அலுவலகம் செல்லுமுன் காலையிலும், அலுவலகம் விட்டபின் மாலையிலும் இராமன் அங்கே உழைத்தார். இவ்வளவும் எல்லோரும் சொல்வது. அவ்விடம் பின்னாளில் ஆசிரியர்களுக்கும் அலுவலர்களுக்கும் ஒரு பயிற்சிக் கூடமாக விளங்கிற்று என்பதை மட்டும் நாம் சொல்ல மறந்துவிடுகின்றோம்.

பாலக்காட்டுக் கல்பாத்தியைச் சேர்ந்த கே. ஆர். இராமநாதன் திருவனந்தபுரத்துக் கல்லூரியில் செய்முறை விளக்குநராக இருந்தவர். 1921-இல் சென்னைப் பல்கலைக் கழகத்தின் ஆராய்ச்சி உதவித் தொகையுடன் கல்கத்தா வந்தார். மறு ஆண்டில் இரங்கூன் பல்கலைக் கழகத்தில் ஆசிரியப் பதவி கிடைத்துக் கடல் கடந்து சென்றார். சென்றவர் அங்கேயே இருந்துவிடவில்லை. விடுமுறைக் காலங்களில் கப்பலேறிக் கல்கத்தா வந்து இராமனின் கூடத்தில் வேலை செய்தார். பேராசிரியர் ஒருவர் தம் விடுமுறையைச் செலவிட்டுப் பயிலச் சென்றதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ? 1923-இல், நீரில் சிதறிய ஒளியை ஆய்ந்தபோது, இருக்கக் கூடாத ஒரு மெல்லிய ஒளி உடன் வருவதை அவர் கண்டார். நீரில் உள்ள மாசினால் தோன்றும் ஒளிர்வாக இருக்கலாம் என்று எண்ணி, திரும்பத் திரும்ப நீரைத் தூய்மை செய்தும் அது மறையவில்லை. காரணம் அப்பொழுது பிடிபடவில்லை. எனினும் கண்டது கண்டபடி பதிவாயிற்று.

இனி நம் பக்கத்து ஊர்க்கதை. மாஜேர்ஹாட் பாலத்தைக் கடந்தால் அலிப்பூர். அங்குள்ள அரசினர் சோதனைச்சாலையில் இரசாயனப் பணியில் இருந்த எஸ். வேங்கடேசுவரன் என்பவர், பகலெல்லாம் சர்க்கார் வேலை பார்த்துவிட்டு, ஓய்வு நேரத்திலும் விடுமுறை நாளிலும் பௌ பஜாருக்குச் சென்று ஆராய்ச்சி பயின்றார். தூய்மையான கிளிசரினில் சிதறிய ஒளி வழக்கமான நீலமாக இராமல் பசுமை சார்ந்திருப்பதை 1928-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் கண்டு சொன்னார். அது எளிய செய்தியன்று என்பதை இராமன் உடனே உணர்ந்தார். ஆயினும் அதனை முழுநேரமும் தொடர வேங்கடேசுவரனுக்கு வழியில்லை; மறுநாட் காலை அலிப்பூர் அலுவலகத்திற்குச் செல்லவேண்டும். ஆகவே முழுநேர ஆராய்ச்சியாளராக இருந்த கே. எஸ். கிருஷ்ணனிடம் அவ்வேலை ஒப்படைக்கப் பெற்றது. ஏறத்தாழ அறுபது திரவங்களைத் தூசியறத் தூய்மை செய்து, சூரிய ஒளியை நிறக் கண்ணாடியினால் வடித்துப் பாய்ச்சிச் சோதித்தனர். பிப்ரவரித் திங்கள் 28-ஆம் நாளில் அது இராமன் விளைவு என்னும் பெருங் கண்டுபிடிப்பாக முடிந்தது. 1930-இல் நோபெல் பரிசும் வந்தது.

அலிப்பூர் அலுவலரைப் பற்றி நாம் எண்ணாத நாளில்லை. அவருக்குச் சில வார விடுப்பு கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்பது வீண்தான். ஆயினும் டயமண்டு ஹார்பர் சாலையில் பேருந்துக்காக நிற்கும்போதெல்லாம் அவ்வெண்ணம் வந்துவிடுகின்றது.

கிருஷ்ணனைப் பற்றி இரண்டு செய்திகள். வத்திராயிருப்பில் பிறந்த அவர், கல்கத்தா வருமுன் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் இரசாயன விளக்குநராக இருந்தார். பகலுணவு வேளையில் ஒரு கூட்டம் நடத்துவாராம். பௌதிகமோ, கணிதமோ, இரசாயனமோ, எவரும் எதையும் கேட்கலாம். பிற கல்லூரி மாணவரும் அங்கு வந்து குழுமினர். சான்றிதழ் இல்லை, பொன்னாடை இல்லை. உணவும் அவரவர் கொண்டுவந்ததே போலும்! மற்றொன்று, 1928 பிப்ரவரியில் அவர் நாள்தோறும் எழுதிய குறிப்பேடு. எந்த நாளில் எந்தத் திரவத்தில் என்ன கண்டனர் என்பதை அதனின்றே இன்று நாம் அறிகின்றோம். ஸகேர் பஜார்ப் பெண்ணின் நோட்டைப் புரட்டியபோது நமக்கு முதலில் நினைவுக்கு வந்தது இக்குறிப்பேடே.

விஞ்ஞானம் மட்டுமா? நகரின் வடகோடியில் பராநகரில் உள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனம், மகலநோபிஸ் 1931-இல் நிறுவியது. வேலை தேடி வந்த இளைஞர் சி. ஆர். ராவ், 1941-ஆம் ஆண்டின் முதல் நாளில் அங்கு ஓராண்டுப் பயிற்சியிற் சேர்ந்தார்; நான்கே ஆண்டில் உலகப் புள்ளியியலார் இன்றும் பயன்படுத்தும் தேற்றத்தை அளித்தார். 1959-இல் சென்னை மாநிலக் கல்லூரியிலிருந்து அங்கு வந்த வரதன், தொழிற்சாலைக்குரிய புள்ளியியலைப் பயிலும் எண்ணத்தோடு வந்தவர். அங்கிருந்த மூத்த மாணவர்களாகிய பார்த்தசாரதி, ரங்க ராவ் ஆகியோர் பேச்சில் ஈடுபட்டு நிகழ்தகவுத் துறைக்குத் திரும்பினார். ஒருவர் நூலைப் படித்து வந்து கரும்பலகையில் விளக்க, மற்றவர் மறித்துக் கேட்க, அப்படியே அவர்கள் தம்மைத் தாமே பயிற்றிக்கொண்டனர். வரதனுக்கு 2007-இல் ஏபெல் பரிசு கிடைத்தது.

அந்நாளில் தற்செயலாகவும் பெரியோர் சிலரின் அருளினாலும் கிடைத்ததை இந்நாளில் எல்லார்க்கும் பொதுவாக்க முயல்கின்றனர். அதுவே இப்பயிற்சிகளின் நோக்கம். 1986-ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கையை அடுத்துப் பல்கலைக் கழகங்களில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகள் ஏற்பட்டன. அவை பெயர் மாறி, 2023-இல் மாளவியா ஆசிரியர் பயிற்சி மையங்களாயின. சமூக விஞ்ஞானம் பயில்வோர்க்கு, 1969-இல் அமைந்த இந்தியச் சமூக விஞ்ஞான ஆராய்ச்சிக் குழு பத்து நாள் ஆராய்ச்சி முறைப் பயிற்சிகளுக்கும், இளம் ஆசிரியர்க்கு இரு வாரப் பயிற்சிகளுக்கும் பொருளுதவி செய்கின்றது. முனைவர் பட்டத்திற்குப் பாட வகுப்பும் கட்டாயம். எம்.ஃபில். பட்டம் 2022-இல் நீக்கப்பெற்றது. முன்பு அவ்வோராண்டில் தடுமாறிக் கற்றுக்கொண்டவற்றை இப்பொழுது வேறு எங்கேனும் கற்றாக வேண்டும் என்பதனால், இப்பயிற்சிகளின் தேவை குறையவில்லை. மிகுந்திருக்கின்றது என்பதே நம் எண்ணம்.

குறை இல்லையா? நிரம்ப உண்டு. பதவி உயர்வுக்குப் பயிற்சிச் சான்று வேண்டும் என்று விதி ஏற்பட்டவுடனே, சான்றுக்காகவே பயிற்சி நடத்துவோரும் கிளம்பிவிட்டனர். நோய்த்தொற்று பரவிய 2020-ஆம் ஆண்டில், அடுப்பங்கரையில் குழம்பு கொதித்துக்கொண்டிருக்க, கைப்பேசியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, மாலையில் ஒரு படிவத்தை நிரப்பியனுப்பிச் சான்றிதழ் பெற்றவர்களை நாம் அறிவோம். அவர்களை நாம் குறைகூற மாட்டோம். சொற்பொழிவின் தரமே அப்படி இருந்தது. பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் போலி ஆராய்ச்சி இதழ்களும் இவற்றின் உடன்பிறப்புகளே.

ஆகவே அழைப்பு வந்தால், வீட்டார் "போ" என்றோ "போகாதே" என்றோ கூறுமுன் அழைப்பிதழை வாங்கிப் படிக்கலாம். எத்தனை பேரைச் சேர்க்கின்றனர்? முப்பதா, முந்நூறா? வருவோர் தம் ஆய்வுத் திட்டத்தை எழுதிக் கொண்டுவர வேண்டுமா, வெறுங்கையோடு வந்தால் போதுமா? எழுதியதைத் திருத்தித் தருவார் உண்டா? புள்ளிவிவரக் கணக்கைத் தாமே போட்டுப் பார்க்கும் நேரம் எவ்வளவு, விருந்தினரை வரவேற்கும் நேரம் எவ்வளவு? தொடக்க விழாவே அரை நாளை விழுங்குமாயின் அந்தப் பயிற்சியைப் பற்றி நாம் அதிகம் எதிர்பார்க்க வேண்டியதில்லை.

சௌரஸ்தா அன்பரிடம் அழைப்பிதழைக் கேட்டோம்; மறுநாள் மாலை எடுத்துக்கொண்டு வீட்டிற்கே வந்துவிட்டார். முப்பது பேர். ஆய்வுத் திட்டம் முன்கூட்டியே அனுப்பவேண்டும். நாள்தோறும் பிற்பகலில் செய்முறை. குறிப்பெடுக்கும் முறைக்கு ஒரு முழுநாள். நன்றாகவே இருந்தது. அதனைப் படித்துக் காட்டியதும் அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்னர்தான் உண்மைக் காரணம் வெளிவந்தது.

"குழந்தைக்கு மூன்று வயது ஐயா. மாப்பிள்ளைக்கு இரவு வேலை. அவருடைய தாயார் என்ன நினைப்பாரோ?"

இந்த ஒரு சொல்லை முதலிலேயே கூறியிருக்கலாம். அவருடைய மகன் சென்ற ஆண்டு தன் கம்பெனிப் பயிற்சிக்காக மூன்று வாரம் புனே நகருக்குப் போய் வந்தான். அவனுக்கும் கைக்குழந்தை உண்டு. அப்பொழுது எவரும் எவர் என்ன நினைப்பார் என்று கேட்கவில்லை. பெட்டியை அடுக்கிக் கொடுத்தோம். நாமுங்கூட விமான நிலையம் வரையில் சென்றோம். இதனை அவரிடம் சொன்னபோது அவருக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தோம். வரவில்லை. "அதையேதான் அவளும் சொன்னாள்" என்றார்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். சம்பந்தியம்மாளிடம் பேசச் சென்றது நம் இல்லத்தரசியார். அவ்வம்மையார் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதை நாமெல்லோரும் மறந்திருந்தோம். "பத்து நாள்தானே? நான் பயிற்சிக்குப் போனபோது என் பிள்ளைக்கு இரண்டு வயது. இதற்கா இத்தனை பேர் கூடிப் பேசினீர்கள்?" என்று அவர் கேட்டாராம். குழந்தை இப்பொழுது பாட்டியிடம் இருக்கின்றது. மகள் புறப்பட்டாள். 2024-ஆம் ஆண்டு முதல் ஜோக்காவிலிருந்து வரும் மெட்ரோ ரயில் மாஜேர்ஹாட் வரை செல்கின்றதல்லவா? சௌரஸ்தா நிலையத்தின் படிகளில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறியவர் நம் அன்பரேதான். அழைப்பிதழோடு கூட, நான்கு வண்ண மைப் பேனாக்களும் வாங்கிக் கொடுத்திருக்கின்றார். எதற்கு என்று கேட்டோம். "பிறர் சொல்லுக்கு ஒன்று, அவள் சொல்லுக்கு ஒன்று, மற்ற இரண்டும் சும்மா" என்றார்.

ஸகேர் பஜார்ப் பெண்ணுக்குத் திருத்தி எழுத ஆறு மாதக் கெடு ஓடிக்கொண்டிருக்கின்றது. நோட்டுகளை ஒவ்வொரு பக்கமாக மூலநூலோடு ஒப்பிட்டுப் பிரித்தாக வேண்டும். ஒருத்தியால் ஆகும் வேலையன்று. சங்கத்து நூலகத்தின் பின்னறையை ஞாயிறுதோறும் பிற்பகல் இரண்டு மணி முதல் ஆறு மணி வரை அவளுக்காகத் திறந்து வைக்கச் செயலாளர் இசைந்துள்ளார். ஆங்கில நூல்களைப் பக்கம் பார்த்துச் சொல்லத்தக்க ஓய்வு பெற்ற அன்பர்கள் இருவர் ஏற்கெனவே வருகின்றனர். இன்னும் மூவர் தேவை. மூக்குக் கண்ணாடியைத் தவறாமல் கொண்டுவரவும். காப்பிக்கு ஏற்பாடு உண்டு.